எடுத்துவிட்ட பொம்மைகள்

பள்ளிக்கூடத்தில் பிராஜெக்ட் என்று ஒன்று கொடுத்துவிட்டால் வீட்டில் ஒருவரும் சும்மா இருக்க முடியாது. தெர்மாகோல் பலகை வந்து இறங்குகிறது. ஸ்பாஞ்சைப் பிய்த்துப் பச்சைச் சாயத்தில் முக்கினால் மரம். மரத்தூளுக்குச் சாயம் ஏற்றினால் புல்தரை. முகம் பார்க்கும் கண்ணாடி குளமாகிவிடுகிறது. நமக்கு இது புது வித்தை அல்ல. கொலுப்படிக்குப் பக்கத்தில் மணலைக் கொட்டி, கேழ்வரகை முளைக்க வைத்துப் பார்க்கு கட்டிய குழந்தைகள்தாம் இன்று தாத்தா பாட்டிகளாக இருக்கிறார்கள்.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. கொலுப் பார்க்கில் செட்டியார் பொம்மை ரயில்வே ஸ்டேஷனில் கடை வைக்கலாம், கேட்பாரில்லை. பள்ளிக்கூடத்துக்குச் செய்கிறபோதோ, 'இது இன்ன இடம், இன்ன காலம்' என்று ஒரு சீட்டு ஒட்ட வேண்டியிருக்கிறது. சீட்டை ஒட்டியவுடன் விளையாட்டு சரித்திரமாகிவிடுகிறது. அது எவ்வளவு சங்கடமான காரியம் என்பதற்கு வில்லியம் சைபார்ன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரியின் கதை ஒன்றே போதும்.

நெப்போலியன் கடைசியாகத் தோற்ற வாட்டர்லூ யுத்தம் 1815 ஜூன் 18-ந் தேதி நடந்தது. 1830-ல் அந்தப் போர்க்களத்தைச் சிறு மாதிரியாகச் செய்யும்படி சைபார்னுக்கு ராணுவ மேலிடத்திலிருந்து உத்தரவு கிடைத்தது. மனிதர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு கற்பனை செய்யவில்லை. போர்க்களத்தின் நடுவிலேயே இருந்த லா ஹே சாந்த் என்ற பண்ணை வீட்டில் எட்டு மாதம் தங்கி, மேடு பள்ளங்களை அளந்தார். பிறகு, யுத்தத்தில் கலந்துகொண்டு பிழைத்திருந்த அதிகாரிகளுக்கெல்லாம் கடிதம் எழுதினார். மாலை 7 மணி வாக்கில் உங்கள் படை எப்படி நின்றது? எதிரி எங்கே நின்றான்? அங்கே வயலில் என்ன பயிர் இருந்தது? பதில்கள் நூற்றுக்கணக்கில் வந்தன.

பயிரைப் பற்றி விசாரித்தாரே, அந்த இடத்தில்தான் எனக்கு அவர்மேல் மதிப்பு உண்டாகிறது.

1833-ல் சர்க்கார் பணத்தை நிறுத்திவிட்டது. அவர் விடவில்லை, கடனை உடனை வாங்கி முடித்தார். ஒரு மைலுக்கு 9 அடி என்ற கணக்கு. நீள அகலம் ஏறக்குறைய 20 அடி. அதன்மேல் அரை அங்குல உயரங்கூட இல்லாத 70,000-க்கு மேற்பட்ட பொம்மைச் சிப்பாய்கள்! 1838-ல் லண்டன் எகிப்திய மண்டபத்தில் அதைக் காட்சிக்கு வைத்தபோது, தலைக்கு ஒரு ஷில்லிங் கொடுத்து லட்சம் பேர் பார்த்தார்கள். அப்படியும் போட்ட பணம் அவர் கைக்குத் திரும்பவில்லை.

வம்பு வந்தது பிரஷ்யச் சிப்பாய்களால். பிரிட்டிஷ் சேனாதிபதி வெலிங்டனுக்கு உதவியாகப் புளூகரின் பிரஷ்யப் படை பிற்பகலில் வந்து சேர்ந்தது. 7 மணிக்கு அது எவ்வளவு தூரம் முன்னேறியிருந்தது? தமக்குக் கிடைத்த தகவல்களை வைத்து, நன்றாகவே முன்னேறியிருந்தது என்று சைபார்ன் பொம்மைகளை நிறுத்தினார். வெலிங்டன் பக்கத்தவர்களுக்கு இது ரசிக்கவில்லை. வெற்றியில் பிரஷ்யர்களும் பங்கு கேட்பார்கள் அல்லவா? சைபார்ன் நெடுநாள் பிடிவாதமாக இருந்து பார்த்தார். கடைசியில், 40,000 பிரஷ்யர்களைக் குறித்த பொம்மைகளைக் களத்திலிருந்து எடுத்துவிட்டார்.

1849-ல் அவர் காலமானார். அந்த மாதிரி இன்று லண்டனில் தேசிய ராணுவ மியூஸியத்தில் இருக்கிறது. ஆனால் பொம்மைகளை எடுக்க முடிந்ததே தவிர, கடிதங்களை அழிக்க முடியவில்லை. அவருடைய மகனே அவற்றில் ஒரு பகுதியை 1891-ல் புத்தகமாக வெளியிட்டார்.

வாட்டர்லூ எங்கோ இருக்கட்டும். நம் குழந்தைகளுக்கு அடிக்கடி கிடைக்கிற தலைப்பு 'எங்கள் கிராமம்'. நாமும் கூட உட்கார்ந்து கோபுரம் வைக்கிறோம்; குளம், பள்ளிக்கூடம், பஞ்சாயத்து ஆபீஸ் எல்லாம் வைக்கிறோம். வயலில் நாற்று நடுகிற நாலு பெண் பொம்மைகளையும் குனிய வைக்கிறோம். பொழுது சாய்ந்தால் அந்த நாலு பேரும் எந்த வீட்டுக்குத் திரும்புவார்கள்? பலகையில் சேரி இல்லை. எந்தச் சேனாதிபதியும் நமக்கு உத்தரவு போடவில்லை. எடுத்துவிடும் சிரமங்கூட இல்லாமல், முதலிலேயே வைக்காமல் விட்டுவிடுகிறோம்.

"இவங்க வீடு எங்கே அப்பா?" என்று குழந்தை கேட்டால், இடமில்லை என்று சொல்லிவிடாதீர்கள். கண்ணாடிக் குளத்தைச் சற்று நகர்த்தினால் நாலு வீட்டுக்கு இடம் தாராளமாகக் கிடைக்கும்.