வாழைமரமும் ஜூக்பாக்ஸும்

புக்கிட் மேரா என்றால் மலாயில் சிவந்த குன்று. அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் கதை இங்கே பலருக்கும் தெரியும். கரையோர மக்களை வாள்மீன்கள் கூட்டம் கூட்டமாக வந்து தாக்குகின்றன. ராஜா தன் ஆட்களை வரிசையாக நிற்க வைக்கிறார், அவர்களும் சாகிறார்கள். ஒரு சின்னப் பையன், “வாழைமரத்த வெட்டி வரிசையா வச்சா மீனோட மூக்கு அதுல சிக்கிக்குமே” என்கிறான். அப்படியே சிக்குகிறது. ஊர் பிழைக்கிறது. இவ்வளவு மூளை உள்ளவன் நாளைக்கு நமக்கே ஆபத்து என்று ராஜா அவனைக் கொன்றுவிடுகிறார். அந்த ரத்தத்தில்தான் குன்று சிவந்ததாம்.

சிங்கப்பூரில் தொழில்நுட்பம் பற்றிப் பேச்சு வந்தால் இதே அச்சில் இன்னொரு கதையும் வரும். பாட்டு கேட்கும் கையடக்கக் கருவியை நம்ம ஊர் கிரியேட்டிவ் டெக்னாலஜிதான் முதலில் செய்தது, ஆப்பிள் விளம்பரத்தால் அதைத் தின்றுவிட்டது என்பார்கள். நிறுவனர் சிம் வோங் ஹூ 2023 ஜனவரியில், 67 வயதில் இறந்தபோது இந்தக் கதை மறுபடியும் சுற்றியது. கேட்க ஆறுதலாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு என்ஜினியராக எனக்கு இதில் இரண்டு இடங்கள் இடிக்கின்றன.

கொஞ்சம் பின்னால் போவோம். ரெட்ஹில் ஸ்டேஷனில் கிழக்கே போகும் ரயிலில் ஏறினால் இரண்டாவது ஸ்டேஷன் ஊட்ரம் பார்க். அதன் பக்கத்தில் பேர்ல்ஸ் சென்டர் என்றொரு கட்டடம் இருந்தது. புது ரயில் பாதைக்காக அதை இடித்துவிட்டார்கள். 1981இல் சிம் வோங் ஹூவும் நண்பர் இங் காய் வாவும் அங்கேதான் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையாக கிரியேட்டிவைத் தொடங்கினார்கள். பேசும் கம்ப்யூட்டர் ஒன்றைச் செய்து பார்த்தார்கள், பெரிதாக ஓடவில்லை. 1989இல் வந்த சவுண்ட் பிளாஸ்டர்தான் எல்லாவற்றையும் மாற்றியது.

அது ஏன் ஜெயித்தது என்பது முக்கியம். அப்போது சந்தையில் இருந்தது ஆட்லிப் என்ற கனடா நிறுவனத்தின் சவுண்ட் கார்டு. அதில் இருந்த அதே யமஹா சிப்பையே சவுண்ட் பிளாஸ்டரிலும் வைத்தார்கள். அதனால் ஆட்லிப்புக்காக எழுதிய கேம் எல்லாம் இதிலும் ஓடியது. கூடவே பதிவு செய்த குரலையும் சத்தத்தையும் இசைக்கும் வசதி, ஜாய்ஸ்டிக் செருக ஓர் இடம். சீக்கிரமே மற்ற கம்பெனிகள் தங்கள் பெட்டியின் மேல் ‘சவுண்ட் பிளாஸ்டருடன் ஒத்துப்போகும்’ என்று அச்சடிக்க வேண்டிய நிலை வந்தது. 1992இல் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பிடித்த முதல் சிங்கப்பூர் நிறுவனம் கிரியேட்டிவ்.

அடுத்து 2000இல் நோமேட் ஜூக்பாக்ஸ். உள்ளே 6 ஜிபி ஹார்ட் டிஸ்க். மற்ற எம்பி3 பிளேயர்களில் ஒரு சிடி அளவுக்குப் பாட்டு அடங்கினாலே பெரிது என்றிருந்த காலம் அது. முதல் இடறல் இங்கேதான்: ஹார்ட் டிஸ்க் வைத்த முதல் பிளேயர் இது இல்லை. காம்பாக் ஆய்வுக்கூடத்தில் வடிவமைத்து, கொரியாவின் ஹாங்கோ நிறுவனம் தயாரித்த பெர்சனல் ஜூக்பாக்ஸ் 1999இலேயே வந்துவிட்டது. ‘முதல்’ என்ற பட்டத்தை அவ்வளவு கெட்டியாகப் பிடித்துக்கொள்ள முடியாது.

இரண்டாவது இடறல் இன்னும் பெரிது. நோமேட் ஜூக்பாக்ஸ் ஒரு டிஸ்க்மேன் அளவு இருந்தது; சட்டைப் பையில் போகாது. நான்கு பேட்டரி போட்டால் நாலு மணி நேரம் பாடினாலே அதிகம். பாட்டு ஏற்ற யூஎஸ்பி 1.1, அதாவது நொடிக்கு 12 மெகாபிட். வெறும் கணக்குப் போட்டாலே 6 ஜிபி நிரம்ப ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நிஜத்தில் எந்த யூஎஸ்பியும் அந்தக் கணக்கை எட்டியதில்லை. 2001 அக்டோபரில் வந்த ஐபாடில் 5 ஜிபிதான். ஆனால் டிஸ்க் 1.8 இன்ச், வேகம் நொடிக்கு 400 மெகாபிட், பேட்டரி 10 மணி நேரம் என்று ஆப்பிள் சொன்னது. நோமேடைவிட இதில் இடம் கம்மி என்று சொல்லி ஐபாடை மட்டம் தட்டிய தொழில்நுட்ப ஆசாமிகளும் உண்டு. எங்கள் கூட்டம் அப்படித்தான், பெட்டியில் போட்டிருக்கும் எண்ணைத்தான் முதலில் பார்ப்போம்.

சவுண்ட் கார்டு கம்ப்யூட்டருக்குள் உட்காரும் பொருள். டிரைவர் தகராறு பண்ணினால் திரும்ப இன்ஸ்டால் பண்ணுவோம், ரீஸ்டார்ட் பண்ணுவோம். கம்ப்யூட்டர் என்றால் அப்படித்தான் என்று பழகியிருந்தோம். எம்ஆர்டியில் நின்றுகொண்டு பாட்டு கேட்கிறவருக்கு அந்தப் பொறுமை கிடையாது. நடுப்பாட்டில் நின்றால் அவ்வளவுதான், கருவி மேல் இருக்கும் நம்பிக்கை போயிடும். கிரியேட்டிவ் கம்ப்யூட்டர் உலகத்தின் பழக்கத்தோடு சட்டைப் பைக்கு வந்தது. 2005இல் ஜப்பானுக்குப் போன ஸென் நியான் பிளேயர்களில் சுமார் 3,700இல் விண்டோஸ் வைரஸ் ஒன்றும் சேர்ந்து போனது. பாட்டுப் பெட்டிக்குள் வைரஸ்!

ஐபாடும் யோக்கியம் இல்லை. அதன் பேட்டரியைக் கழற்ற முடியாது. சீக்கிரம் தளர்ந்துபோகிறது என்று அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். 2005இல் ஆப்பிள் 50 டாலர் கூப்பன் கொடுத்துச் சமரசம் பண்ணியது. ஆனால் அது வாங்கி ரொம்ப நாள் கழித்து வரும் ஏமாற்றம். ஜூக்பாக்ஸின் ஏமாற்றம் தினசரி.

விளம்பரம் மட்டும்தான் காரணம் என்பதற்கும் வரலாறே பதில் வைத்திருக்கிறது. 2004 கடைசியில் சிம் வோங் ஹூ ஐபாட் மீது போர் என்று அறிவித்து, விளம்பரத்துக்கு 10 கோடி அமெரிக்க டாலர் ஒதுக்கினார். சந்தை அசையவில்லை. மறுபக்கம், பாடகர், ஆல்பம், பாட்டு என்று படிப்படியாகப் போகும் மெனுவுக்கு 2001 ஜனவரியில் விண்ணப்பித்த பேடண்ட் 2005 ஆகஸ்டில் கிடைத்தது. கிரியேட்டிவ் வழக்குப் போட்டது. 2006 ஆகஸ்டில் ஆப்பிள் 10 கோடி டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது. அதே தொகை! அடுத்த ஏப்ரலுக்குள் ஐபாட் விற்பனை 10 கோடியைத் தாண்டிவிட்டது. 2007இல் கிரியேட்டிவ் நாஸ்டாக்கை விட்டு வெளியே வந்தது.

(அந்த மெனு நம்ம பாட்டுக்குச் சரிப்பட்டதா என்பது தனிக்கதை. தமிழ்ப் பாட்டில் ‘ஆர்ட்டிஸ்ட்’ யார், எஸ்.பி.பி.யா இளையராஜாவா? இறக்கிய பாட்டில் பாதிக்கு அந்த இடத்தில் வெப்சைட் பெயர்தான் இருக்கும்.)

சிம் வோங் ஹூவைக் குறைத்துச் சொல்வது என் எண்ணம் இல்லை. யூ-டர்ன் போடலாம் என்று போர்டு இருந்தால் மட்டுமே திரும்பும் சிங்கப்பூர் மனசை 1999லேயே கிண்டலடித்து எழுதியவர் அவர். அப்படிப்பட்டவரை வாள்மீன் கதைப் பையனாக்கி அழுவது அவருக்கே பிடித்திருக்காது என்று நினைக்கிறேன். பையனின் யோசனையைக் கேட்டு ராஜா பயந்ததற்குக் காரணம், வைத்த வாழைமரம் நிஜமாகவே தாங்கியது. நம் கதையில் தாங்காமல் போனது பேட்டரியும், கேபிளும், கேட்பவரின் பொறுமையும். ராஜாவைத் திட்டிக்கொண்டே இருந்தால் அந்த மூன்றையும் யாரும் சரிபார்க்கப் போவதில்லை. அடுத்து இங்கே எதையாவது செய்கிறவர்கள், ‘முதல்ல நாமதான்’ என்று சொல்லும் முன் அதைப் பையில் போட்டுக்கொண்டு ஒரு மாதம் ரயிலில் போய்வரட்டும்.