கூலியும் காவலும்: திருகோணமலைப் பகுதியில் வேளைக்காரப் படை

ஈழத்தின் இடைக்கால வரலாற்றிலே வேளைக்காரர் என்னும் பெயர் எதிர்ப்படும்போதெல்லாம் இருவகை நோக்குகள் தலையெடுப்பது வழக்கமாகிவிட்டது. ஒருசாரார் அவர்களை உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்த அந்நியக் கூலிப்படையாகக் காண்பர். மறுசாரார் புத்தரின் தந்ததாதுவைக் காத்துநின்ற தமிழ் மறவராகக் கொண்டாடுவர். இரண்டுக்கும் சான்று உண்டு. ஆயின், ஒரே பெயருடைய படை இவ்விரண்டையும் எவ்வாறு செய்தது என்ற வினாவை இரு சாராருமே எழுப்புவதில்லை. திருகோணமலைத் துறைமுகத்தையும் அதன் பின்னிலத்தையும் களமாகக் கொண்டு அவ்வினாவை நோக்குவதே இக்கட்டுரையின் எல்லையாகும்.

முதலிலே சொல்லைப்பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். இன்றைய காதுக்கு இது 'வேலைக்காரர்' என ஒலித்து ஏவலாளரை நினைவூட்டக்கூடும். சாசனங்களில் வருவது 'வேளை' என்பதே. வேளை வந்துற்றபோது உயிரையும் தருவதாகச் சூளுரைத்தவர் என்று அதற்குப் பொருள் கொள்ளும் அறிஞர் உளர். இராசராச சோழன் (985-1014) காலத்துத் தஞ்சைப் பெருங்கோயிற் சாசனங்களிலே 'தெரிந்த' வேளைக்காரர், அதாவது தெரிந்தெடுக்கப்பட்ட வேளைக்காரர், எனப் பல அணிகள் கூறப்படுகின்றன. அரசனின் பெயரையோ விருதையோ அணியின் பெயராகச் சூட்டுவது அக்கால மரபு. பின்னர் நாம் நோக்கவிருக்கும் ஈழத்துச் சாசனமொன்றை விளங்கிக்கொள்வதற்கு இம்மரபு இன்றியமையாதது.

993 அளவிலே தொடங்கிய சோழராட்சி 1070 இல் முதலாம் விசயபாகுவால் முடிவுக்குக் கொண்டுவரப்பட்டது. ஆட்சி மாறியதேயன்றி அதன் உறுப்புகள் யாவும் கலைந்துவிடவில்லை. மகாவலி கங்கை கொட்டியாரக் குடாவிலே கடலோடு கலக்கிறது. அங்கிருந்து கந்தளாய் வழியாகப் பொலநறுவைக்குச் செல்லும் பாதை தலைநகரின் கடல்வாயிலாக விளங்கியது. கந்தளாயில் அந்தணர் குடியிருப்பு, பதவியாவில் வணிக கணத்தாரின் நடமாட்டம், பெரியகுளத்தில் இராசராசப் பெரும்பள்ளி என்னும் பௌத்தப் பள்ளி, துறைமுகத்தின் தலைமாட்டிலே கோணேசர் கோயில் என்றவாறு அமைந்திருந்த இந்நிலப்பரப்பைக் கைவிட்டுவிட்டுப் பொலநறுவையிலிருந்து எவரும் ஆண்டிருக்க இயலாது. இதனைக் காப்பதற்குப் போர்த்தொழில் வல்ல நிலையான படை வேண்டும். அத்தகைய படையாக வேளைக்காரர் இருந்தனர். வெற்றி பெற்ற அரசன் அவர்களைத் தன் சேவையிலே வைத்துக்கொண்டான்.

விசயபாகுவின் 30 ஆம் ஆட்சியாண்டிலே, அதாவது ஏறத்தாழ 1085 இல், சோழநாட்டின்மேற் படையெடுக்க அவன் ஆயத்தம் செய்தபோது வேளைக்காரர் செல்ல மறுத்தனர். மறுத்ததோடு நில்லாமற் கிளர்ந்தெழுந்து, சேனாபதிகள் இருவரைக் கொன்று, அரசனின் தங்கையை அவளுடைய மூன்று புதல்வரோடு சிறைப்பிடித்து, அரண்மனைக்கும் தீயிட்டனர் எனச் சூளவம்சம் கூறும். அரசன் தலைநகரை விட்டு நீங்கிப் படைதிரட்டி மீண்டுவந்து அவர்களை முறியடித்தான். தலைவர்கள் கைகள் பின்புறம் கட்டப்பட்டுத் தீயிலிடப்பட்டனர்.

இத்துடன் கதை முடிந்திருக்க வேண்டும் என்றே எவரும் எண்ணுவர். ஆனால் 12 ஆண்டுகள் கழித்து, அதே அரசனின் 42 ஆம் ஆட்சியாண்டிலே, கந்தளாயை அடுத்த பளமோட்டையில் ஒரு தமிழ்ச் சாசனம் பொறிக்கப்படுகிறது. நங்கைசானி என்னும் அந்தணப் பெண், அரசன் பெயரால் விசயராச ஈசுவரம் எனப்பட்ட சிவன்கோயிலுக்கு அறக்கட்டளையொன்றை நிறுவுகிறாள். அதனைக் காக்கும் பொறுப்பு யாரிடம் ஒப்படைக்கப்பட்டது? விக்கிரம சலாமேகன் பெயர் தாங்கிய தெரிந்த வலங்கை வேளைக்காரரிடம். சலாமேகன் என்பது சிங்கள மன்னர் முடிசூடும்போது ஏற்ற விருதுப்பெயர். பெயரிடும் முறை தஞ்சையிலிருந்து வந்தது, பெயரோ பொலநறுவைக்குரியது. பரணவிதான பதிப்பித்த இச்சாசனம் படைவரலாற்றுக்குத் தரும் ஒளி போதிய அளவு பயன்படுத்தப்படவில்லை என்பது நம் கருத்து.

அரண்மனையை எரித்தவரும் அறக்கட்டளையைக் காத்தவரும் அதே ஆட்கள் என நாம் கூறவரவில்லை. ஆனால் ஒரே பெயருடைய நிறுவனம் அது. தலைவர்களை எரித்த அரசன் அதனைக் கலைக்கவில்லை, கலைத்திருக்கவும் முடியாது. காரணம் பொருளியல் சார்ந்தது. நாணயம் புழங்கியதாயினும், பெரும்படையொன்றை ஆண்டு முழுவதும் காசு கொடுத்து வைத்திருக்கும் வலிமை அக்கால அரசுக்கு இருக்கவில்லை. சேவைக்கு ஈடாக நிலவருவாயை நுகரும் உரிமையை வழங்குவதே வழி. சீவிதம் எனப்பட்ட இவ்வுரிமை, வந்த வீரனை ஓர் ஊரோடு பிணைத்தது. பிணைப்பு அவனுக்கு விசுவாசத்தையும் ஊட்டிற்று. அரசனுக்கு எதிராகக் காத்துக்கொள்ள வேண்டிய சொந்த நலனொன்றையும் ஊட்டிற்று. கூலிப்படையை வேரில்லாமல் வைத்திருந்தால் அது அடுத்த கூலியை நாடும். வேரூன்றவிட்டால் அது தன் விருப்பத்தைப் பேசும். விசயபாகு மட்டுமன்றி அவன்பின் வந்தோரும் இச்சிக்கலிலிருந்து மீளவில்லை. இரண்டாம் கசபாகுவின் (1132-1153) ஆட்சித் தொடக்கத்திலே, அவனுடைய வேளைக்காரப் படையை எதிரிகள் பொருள் கொடுத்துத் தம்பக்கம் இழுத்ததைச் சூளவம்சமே கூறுகிறது.

இப்படை தன்னைத் தானே நிருவகித்த முறைக்குத் தலையாய சான்று, விசயபாகு 1110 இல் இறந்தபின் பொலநறுவையிலே பொறிக்கப்பட்ட தமிழ்ச் சாசனமாகும். இராசகுருவான முகலன் மகாதேரர் அழைக்க, வேளைக்காரர் கூடுகின்றனர். கட்டளையிட அங்கே அரசன் இல்லை. தம் மூதாதையராக அவர்கள் கொண்ட வளஞ்சியரும், நகரத்தார் முதலியோரும் உடன் கூடுகின்றனர். வலங்கை, இடங்கை, சிறுதனம், பிள்ளைகள்தனம், வடுகர், மலையாளர் எனப் பிரிவுகள் பெயர் சுட்டப்படுகின்றன. ஆதலின் இது தமிழர் மட்டுமே கொண்ட படையும் அன்று. தந்ததாதுக் கோயிலுக்கு மூன்றுகைத் திருவேளைக்காரன் தளதாய்ப் பெரும்பள்ளி எனத் தம் பெயரிட்டு, காவலுக்கு ஆளும் நிலமும் ஒதுக்கி, கோயிலின் ஊர்களையும் உடைமைகளையும் அடைக்கலம் புகுந்தோரையும் தாம் அழிய நேரினும் காப்பதாக உறுதி பூணுகின்றனர். உறுதியை மீறுபவன் படைக்கே பிழை செய்தவனாவான்.

விக்கிரமபாகு (1111-1132) விகாரைகளின் சொத்துகளைக் கவர்ந்தான் என்றும், பிக்குகள் தந்ததாதுவை உறுகுணைக்கு எடுத்துச் சென்றனர் என்றும் சூளவம்சம் கூறுவதை இதனோடு வைத்துப் பார்க்கலாம். அரசனையே நம்பமுடியாத காலத்திலே, தன் சொல்லுக்குத் தானே பிணைநிற்கக்கூடிய ஒரு குழு சங்கத்தாருக்கு வேண்டியிருந்தது. பளமோட்டையிலே சைவக் கோயிலுக்கும் பொலநறுவையிலே பௌத்தக் கோயிலுக்கும் காவல் நின்றமைக்குச் சமயப் பொறை என்று பெயரிடுவது எளிது. அது முற்றிலும் தவறுமன்று. எனினும் காவல் என்பது ஒரு பதவி, அதனோடு வருவாயும் மதிப்பும் வந்தன என்பதை மறத்தலாகாது. அந்நிலங்களை உழுதவர் யார், அவர் பங்கு எவ்வளவு என்பதைப்பற்றி இச்சாசனங்கள் வாய்திறப்பதில்லை.

மீண்டும் துறைமுகத்துக்கு வருவோம். முதலாம் பராக்கிரமபாகு (1153-1186) உறுகுணைப் போரிலே தன் பெரும்படையை ஈடுபடுத்தியிருந்த வேளையில், கோட்டசாரத்திலே தங்கியிருந்த படையினர் இராசரட்டையைக் கைப்பற்ற எண்ணிக் கிளர்ந்தனர். கோட்டசாரம் இன்றைய கொட்டியாரமே எனக் கொள்வர். கிளர்ந்தவர் யாவர் என்பதே இங்கு மனங்கொள்ளத்தக்கது: சிங்களவர், கேரளர், வேளைக்காரர். மூவரும் ஒருங்கே எழுந்தனர், ஒருங்கே ஒடுக்கப்பட்டனர். 1085 இன் கிளர்ச்சியை இனப்பற்றால் மட்டும் விளக்குவோர் கொட்டியாரத்தை எவ்வாறு விளக்குவர் என்பது நமக்குப் புலப்படவில்லை. குடாவின் கரையிலே ஒரே பாசறை வாழ்வு, ஒரே வகை மானியம், அரசனின் படைவலி வேறிடத்திலே சிக்கியிருந்த ஒரே வாய்ப்பு ஆகியனவே அவர்களை இணைத்தன எனக் கருதுகிறோம்.

1215 இலே 24,000 வீரருடன் வந்த கலிங்க மாகன், படைக்கு வயல், வீடு, தோட்டம், அடிமை, கால்நடை ஆகியவற்றைப் பறித்தே கொடுத்தான். பழைய முறையின் திரை விலகி அதன் உட்கிடை வெளிப்பட்டது என்று இதனைக் கொள்ளலாம். அவன் படைநிலைகளாகச் சூளவம்சம் கூறும் இடங்களுட் கொட்டியாரமும் கந்தளாயும் பதவியாவும் அடங்கும். வேளைக்காரர் நடமாடிய அதே பாதையிலேதான் புதிய படையும் அமர்ந்தது. பதவியாவிற் கிடைத்த சமஸ்கிருதச் சாசனமொன்று, தண்டநாயகன் ஒருவன் கட்டிய பௌத்த விகாரையொன்று வேளைக்காரர் பெயரைத் தாங்கி அவர்களின் காவலிலே விடப்பட்டதைக் கூறுகிறது. அது மாகன் காலத்ததாகவே கருதப்படுகிறது.