பழைய பொட்டிக்கும் முத்திரை வேணும்

பெரம்பலூர், அரியலூர் பக்கம் பழைய நிலப் பத்திரம் இருக்கற வீடுகள்ல பாருங்க, 1995க்கு முந்தினதுல திருச்சி மாவட்டம்னுதான் இருக்கும். அந்த வருஷம்தான் பெரம்பலூர் தனி மாவட்டமாச்சு. 2001ல அரியலூர் பிரிஞ்சது, 2002ல மறுபடி சேர்ந்தது, 2007ல திரும்பவும் பிரிஞ்சது. மாவட்டப் பேர் இத்தனை தடவை மாறியும் பத்திரம் செல்லுது. காரணம், அதுல இருக்கற முத்திரையும் கையெழுத்தும்.

மென்பொருள் தரவிறக்க வழங்கிகளோட கதையும் கிட்டத்தட்ட இதேதான் மக்களே.

2003 நவம்பர்ல, திருடின கடவுச்சொல்லை வச்சு டெபியன் லினக்ஸோட நாலு வழங்கிகளுக்குள்ள யாரோ புகுந்துட்டாங்க. நல்லவேளை, மென்பொருள் பொதிகள்ல கை வைக்கலை. வச்சிருந்தா? அன்னிக்கு நம்ம பொட்டியில இருந்த 'ஆப்ட்' நிரலி அதைத் தானா கண்டுபிடிச்சிருக்காது. 2007 ஏப்ரல்ல வந்த டெபியன் 4லதான் அந்த வசதி வந்துச்சு. எல்லாப் பொதிக்கும் சரிபார்ப்பு எண், அதெல்லாம் ஒரே பட்டியல்ல, பட்டியலுக்கு ஜிபிஜி கையெழுத்து. நடுவுல யார் கைமாத்தினாலும் குட்டு வெளிப்பட்டுடும்.

2011ல தமிழக அரசு மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுக்க ஆரம்பிச்சப்போ, சி-டாக் உருவாக்கின 'பாஸ்' லினக்ஸும் கூட வந்துச்சே, அதுவும் டெபியன் வாரிசுதான். அதே வருஷம் வந்த டெபியன் 6க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2016 பிப்ரவரியோட நின்னுபோச்சு. பொதிகள் ஆவணக் காப்பக வழங்கிக்குப் போயிடுச்சு. பழைய முகவரியைத் தேடற நிரலுக்குக் கிடைக்கறது வெறும் பிழைச்செய்திதான்.

சரி, முகவரியை மாத்தியாச்சு. அடுத்த மேட்டர், அந்தக் காலத்துப் பொட்டிக்கு டிஎல்எஸ் 1.0 வரைக்கும்தான் தெரியும். 2021 மார்ச்ல இணையத் தர அமைப்பு அதைக் கைவிடச் சொல்லிடுச்சு. ஸோ, எச்டிடிபிஎஸ் மட்டும் பேசற வழங்கி கதவையே திறக்காது. இங்கதான் காப்பகம் சாதா எச்டிடிபியையும் விட்டு வைக்கறது உதவுது. பாதை பழசானாலும் கையெழுத்து காவல் காக்கும்.

ஆனா சாவிக்கும் காலாவதி உண்டு. அப்போ பல பேர் செய்யறது, சரிபார்ப்பையே அணைச்சுடறது. முத்திரையைக் கிழிச்சுட்டுப் பத்திரத்தை நம்பற கதை! அதுக்குப் பதிலா, புதுக் கணினியில இறக்கி, கையெழுத்தைச் சரிபார்த்து, பென் டிரைவ்ல கொண்டு போங்க. வழங்கி நடத்தறவங்க கையெழுத்துச் சாவியை அதே வழங்கியில வைக்காதீங்க.

இன்னொண்ணு, முத்திரை அசல்னு சொல்லும், ஓட்டை இல்லைன்னு சொல்லாது. 2011 பொட்டி இன்னும் ஓடுதா? பாடம் படிக்க, தட்டச்சு பழக வச்சுக்கங்க. வங்கிக் கணக்கு மட்டும் அதுல வேண்டாம்.