ரோஜாப்பூவும் வழக்குரையும்

சில வருடங்களுக்கு முதல் நான் படிப்பித்த பாடசாலையில் மகளிர் தின விழா. மாணவர்கள் ஆசிரியைகளுக்கு ஆளுக்கொரு ரோஜாப்பூ தந்தார்கள். பேசிய எல்லோரும் பெண்ணின் பொறுமையைப் புகழ்ந்தார்கள். அந்த விழாவுக்கான வடையை விடிய நாலு மணிக்கு எழும்பிச் சுட்டுக் கொண்டுபோனதும் நாங்கள்தான். பத்தாம் தரப் பிள்ளையொருத்தி, "டீச்சர், இந்த நாள் எப்படி வந்தது?" என்று கேட்டாள். அன்று அரைகுறையாகச் சொன்னதை இன்று முழுதாக எழுதுகிறேன்.

1910இல் கொப்பன்ஹேகனில் கூடிய சோசலிசப் பெண்கள் மாநாட்டில், கிளாரா செட்கினும் தோழிகளும் பெண்களுக்கென ஒரு நாள் வேண்டும் என்றார்கள். கேட்டது வாக்குரிமை. திகதி குறிக்கவில்லை, அடுத்த ஆண்டு மார்ச் 19இல்தான் சில ஐரோப்பிய நாடுகளில் முதன்முதலாக அனுட்டித்தார்கள். மார்ச் 8 வந்த கதை வேறு. 1917இல் அந்த நாளில் ரஷ்யாவின் பெத்ரோகிராத்தில் நெசவாலைப் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு, பாண் கேட்டு வீதிக்கு இறங்கினார்கள். அங்கே அப்போது பழைய நாட்காட்டி. அதன்படி பெப்ரவரி 23. ஏழே நாளில் சார் மன்னன் முடி துறந்தான். 1975இல் ஐக்கிய நாடுகள் சபை இந்த நாளை அனுட்டிக்கத் தொடங்கியது. பொறுமைக்காக உண்டான நாள் அல்ல இது.

இதற்காக ரஷ்யா வரை போகவும் தேவையில்லை. வைகாசி வந்தால் எங்கள் வெல்லாவெளியைச் சுற்றியுள்ள படுவான்கரை ஊர்களிலும், வாவிக்கு அந்தப் பக்கம் செட்டிபாளையத்திலும், தெற்கே காரைதீவிலும் கண்ணகி அம்மன் சடங்கு. வருடத்தில் வைகாசியில் மட்டும் கதவு திறக்கும் கோயில்களும் உண்டு. அங்கே பாடுவது 'கண்ணகி வழக்குரை'. பெயரைக் கவனியுங்கள். புருசனை அநியாயமாகக் கொன்ற அரசனின் சபைக்குப் போய், ஒற்றைச் சிலம்பை உடைத்து வழக்குப் பேசியவளின் கதை. கடைசி நாள் குளிர்த்தி. மதுரையை எரித்த அந்தக் கோபத்தைப் பாடிப் பாடித் தணிக்கிறார்கள். கோபம் இருந்ததை மறைப்பதில்லை. அது நியாயம் என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் ஆற்றுகிறார்கள். சிங்கள மக்களுக்கு இவளே பத்தினித் தெய்வம். கண்டி எசல பெரஹராவில் பத்தினி தேவாலய ஊர்வலமும் சேர்ந்து போகிறது. நான் முஸ்லிம், வழிபாடாக இதில் எனக்குப் பங்கில்லை. ஆனால் வரலாறு படிப்பிக்கிறவளுக்கு இந்தக் கதவை மூடி வைக்க ஏலாது.

எங்களுக்கும் ஒன்று இருக்கிறது. ஹஜ்ஜுப் பெருநாள் என்றதும் இப்ராஹீம் நபி, இஸ்மாயீல் நபி, குர்பான். குத்பாவிலும் அதுதான் கூடுதலாகக் காதில் விழும். ஆனால் ஹஜ்ஜுக்குப் போகிறவர் ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையில் ஏழு தரம் போய்வரும் தொங்கோட்டம் யாருடையது? பாலைவனத்தில் பிள்ளைக்குத் தண்ணீர் தேடி ஓடிய அன்னை ஹாஜராவுடையது. இன்று அந்தப் பாதையில் பச்சை விளக்குகள் எரியும் இடத்தில் ஆண்கள் விரைந்து ஓட வேண்டும். பெண்கள் நடந்தால் போதும். அரசனும் ஆலிமும் ஒரு தாயின் பதற்றத்தைத் தங்கள் காலால் ஓடிக் காட்டத்தான் வேண்டும். பூ கொடுத்து ஒப்பேற்ற முடியாது!

இன்னொன்று. மட்டக்களப்புப் பகுதியில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் குடி தாய்வழி. என் குடி என் உம்மாவின் குடி, வீடும் மகளுக்குத்தான். ஆனால் அந்தக் குடியின் பெயரால் கோயிலில் வண்ணக்கராக, பள்ளிவாசலில் மரைக்காயராக இருந்து வந்தவர்கள் ஆண்கள். வழி அவளுடையது, கதிரை அவனுடையது. இதை வகுப்பில் சொன்னபோது பிள்ளைகள் சிரித்தார்கள், ஆண் பிள்ளைகளும்தான்.

இந்த மார்ச்சில் பேச்சுகளைக் குறைத்து, சிலம்பு வழக்கை மேடையில் நடத்தலாம் என்று கேட்டிருக்கிறேன். கண்ணகியாக நடிக்க ஏழு பேர் கை தூக்கினார்கள். பாண்டியனுக்குத்தான் ஆள் இல்லை. சிற்றுண்டி ஆண் ஆசிரியர்களின் பொறுப்பு என்றும் ஒரு பேச்சு அடிபடுகிறது. வடையா, ரோல்ஸா என்பது இன்னும் முடிவாகவில்லை.