வம்சாவழி என்றொரு சொல்

"ஐ.நா.வுல எழுதின காகிதம் சேரிக்கு என்ன செய்யும்?" சட்டம் படிக்கிற நம்ம பிள்ளைங்க என்கிட்ட கேக்கிற கேள்வி இது. அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஐ.நா.வுக்கு மனு கொடுத்ததை அறிந்த அம்பேத்கர், தீண்டப்படாதோரும் அவ்வழியில் போக நினைப்பதாகச் சொல்லி, மனுவின் பிரதி கேட்டு 1946லேயே டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார்.

இனப்பாகுபாடு ஒழிப்பு உடன்படிக்கை 1965 டிசம்பரில் நிறைவேறியது. இனம், நிறம் இவற்றோடு 'வம்சாவழி' என்ற சொல்லும் அதன் முதல் பிரிவில் இருக்கிறது. அந்தச் சொல்லைச் சேர்க்கச் சொன்னது யாருங்கிறீங்க? இந்தியாதான். 1968ல் உடன்படிக்கையை உறுதிசெய்தும் கொடுத்தது. அதே இந்தியா 1996ல், வம்சாவழி என்றால் இனம்தான், சாதி அதில் சேராது என்று கண்காணிப்புக் குழுவின் முன் வாதாடியது. பெத்த பிள்ளையையே யாருன்னு கேட்ட கதை! குழு ஒத்துக்கொள்ளவில்லை. 2001 டர்பன் மாநாட்டின் இறுதி அறிக்கையில் சாதி என்ற சொல்லே வரவில்லை. ஆனால் மறுவருடமே, சாதியும் வம்சாவழிப் பாகுபாடுதான் என்று குழு தன் 29ஆம் பொதுப் பரிந்துரையில் எழுதிவிட்டது.

சாதி வேறு, இனம் வேறுங்கிறது சரிதான். அம்பேத்கரே சாதிக்கு இன அடிப்படை சொல்வதை மறுத்தவர். ஆனா உடன்படிக்கை இனத்தோட நிக்கலையே!

உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டதாலேயே அது இங்கே சட்டமாகிவிடாது. நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும். நீதிமன்றம் அதைத் துணைக்கு அழைத்துக்கொள்ளலாம். கையால் மலம் அள்ளும் கொடுமை பற்றிய வழக்கில், 2014 மார்ச் 27 அன்று, உச்ச நீதிமன்றம் அரசியல் சட்டத்தோடு இந்த உடன்படிக்கையையும் சுட்டியது. 1993 முதல் சாக்கடைக்குள் செத்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் கொடுக்கச் சொன்னது. 2023ல் அது 30 லட்சமானது. தீர்ப்பு வந்தா பணம் வந்துடுமா? செத்தவரின் மனைவியோடு ஒரு அலுவலகத்துக்குப் போனேன். 'தானாகவே இறங்கினார்' என்று கோப்பில் எழுதி வைத்திருந்தார்கள்.

அந்த அம்மா ஐ.நா. குழுவுக்கு நேரே புகார் அனுப்ப முடியாது. தனிநபர் புகாரை ஏற்கும் 14ஆம் பிரிவுக்கு இந்தியா இன்னும் சம்மதம் தரவில்லை. அரசு அறிக்கை கொடுக்கும்போது நாம் ஒரு மாற்று அறிக்கை கொடுக்கலாம், அவ்வளவுதான். அதில் செத்தவர் பேர், தேதி, முதல் தகவல் அறிக்கை எண், இறங்கச் சொன்ன ஒப்பந்ததாரர் பேர் எல்லாம் இருக்கணும். இதையெல்லாம் சேகரிக்கிற வேலை சேரியில்தான் இருக்கு.