முக்கோணச் சுழலியும் மூன்று சக்கர வண்டியும்

ஜப்பானிய மோட்டார் ஸ்தாபனங்களுக்கு உலகெங்கும் ஏற்பட்டிருக்கும் கீர்த்தி பெரும்பாலும் ஒரே தன்மையானது: வண்டி கெடாது, பெட்ரோல் அதிகம் குடிக்காது, விற்றால் நல்ல விலை போகும். டொயோட்டாவின் பெயர் அப்படி வளர்ந்தது. ஹோண்டாவின் பெயரும் ஏறக்குறைய அப்படியே. ஹிரோஷிமா நகரத்து மாஸ்டா கம்பெனிக்குக் கிடைத்த புகழோ வேறு ரகம். மற்றப் பெரிய கம்பெனிகள் பல பணம் கொடுத்து உரிமை வாங்கி, சில காலம் புரட்டிப் பார்த்து, இது நமக்கு ஆகாது என்று மூட்டை கட்டி வைத்துவிட்ட ஒரு விசித்திரமான எஞ்சினை, அது பெட்ரோலைக் குடிக்கும் என்று தெரிந்தும், அதனால் ஸ்தாபனமே ஒருமுறை முழுகப் போயும், விடாப்பிடியாகப் பற்றிக்கொண்டிருந்தது என்பதே அதன் பிரசித்திக்குக் காரணம். நம் பக்கத்தில் அந்தப் பெயரைப் பலர் அறிந்தது, 1983-இல் பஞ்சாபில் ஏற்பட்ட கூட்டு முயற்சியின் பயனாக வந்த ஸ்வராஜ் மாஸ்டா வேன்களின் நெற்றியில் படித்துத்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் கலியாண கோஷ்டிகளையும் ஏற்றிச் சென்ற அந்த வேனுக்கும், பிரான்ஸ் தேசத்துப் பந்தயச் சாலையில் ஜெர்மானியரையும் ஆங்கிலேயரையும் பின்தள்ளிய ஒரு வண்டிக்கும் பூர்வீகம் ஒன்றே என்பது பலருக்குத் தோன்றியிராது.

இந்த ஸ்தாபனம் மோட்டாருக்காகப் பிறந்ததன்று. முதல் உலக யுத்த காலத்தில் ஐரோப்பாவிலிருந்து வரவேண்டிய கார்க்கு வராமல் போகவே, ஜப்பானிய மலைக்காடுகளில் விளையும் ஓக் இன மரம் ஒன்றின் பட்டையைக் கொண்டு கார்க்கு செய்யலாம் என்று கருதிய சிலர் 1920-ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில் தோயோ கார்க்கு கோக்யோ என்ற கம்பெனியை ஆரம்பித்தார்கள். யுத்தம் முடிந்து அசல் கார்க்கு மறுபடி கப்பலேறி வரத் தொடங்கியதும் மாற்றுச் சரக்கை யார் சீந்துவார்கள்? தள்ளாடிய அந்த வியாபாரத்தின் தலைமை 1921-இல் ஜூஜிரோ மட்சுதா என்பவரிடம் வந்து சேர்ந்தது. ஹிரோஷிமாவில் மீன்பிடிக் குடும்பம் ஒன்றில் 1875-இல் பிறந்து, பதினான்காம் பிராயத்தில் ஒஸாகாவுக்குப் போய்க் கொல்லுப்பட்டறையில் எடுபிடியாக இருந்து தொழில் கற்று, தம் பெயரால் வழங்கும் நீரிறைக்கும் பம்பு ஒன்றையும் அமைத்த அந்த மனிதருக்கு, மரப்பட்டையில் ருசி ஏற்படாததில் ஆச்சரியம் இல்லை. 1927-இல் கம்பெனியின் பெயரிலிருந்து கார்க்கு உதிர்ந்தது. இயந்திரக் கருவிகள் செய்யும் தோயோ கோக்யோ மிஞ்சியது.

1931-இல் வெளிவந்த முதல் வண்டியைக் கார் என்று சொல்ல முடியாது. முன்னே ஒற்றைச் சக்கரம், மோட்டார் சைக்கிளுக்கு உள்ளதுபோன்ற கைப்பிடி, சேணம் போன்ற இருக்கை, பின்னே இரண்டு சக்கரங்களின் மேல் சரக்கு ஏற்றும் மரப்பெட்டி, 482 சி.சி. எஞ்சின். சந்துகளில் நுழையவும், லாரி வாங்க வசதியற்ற சிறு வியாபாரியின் அரிசி மூட்டையையும் மீன் கூடையையும் சுமக்கவும் ஏற்றதாயிருந்த அதற்கு மாஸ்டா-கோ என்று பெயர் வைத்தார்கள்; பாரசீகத்தின் பழைய ஸோராஸ்டிர மதத்தில் ஞானத்தின் தெய்வமான அஹுரா மாஸ்டாவின் நாமமும், முதலாளியின் குடும்பப் பெயரும் அதில் ஒருங்கே ஒலித்தன. விற்பனையை மிட்சுபிஷி வர்த்தகக் கம்பெனி ஏற்றுக்கொண்டது. 1936-இல் தெற்கே ககோஷிமாவிலிருந்து டோக்கியோ வரை சுமார் 2,700 கிலோமீட்டர் தூரம் இவ்வண்டிகளை ஊர்வலமாக ஓட்டிச் சென்று, வழிநெடுக ஜனங்களுக்குக் காட்டினார்கள். பிறகு யுத்தம் வந்தது. தொழிற்சாலை துப்பாக்கி செய்தது.

1945 ஆகஸ்டு 6-ஆம் தேதி காலையில் ஹிரோஷிமாவின் நடுப்பகுதி அணுகுண்டால் ஒரு கணத்தில் அழிந்தபோது, அங்கிருந்து ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர் கிழக்கே ஃபுச்சு என்ற ஊரிலிருந்த தோயோ கோக்யோவின் கட்டடங்கள், கண்ணாடியும் கூரையும் சிதைந்தனவாயினும், விழாமல் நின்றன. இடையிலே ஹிஜியாமா என்ற சிறு குன்று இருந்தது. எழுபது மீட்டருக்குச் சற்று மேற்பட்ட உயரமே உள்ள அது, வெடியின் வேகத்தைத் தன் முதுகில் வாங்கிக்கொண்டது. ஜூஜிரோவுக்கு அன்று எழுபது வயது நிறைந்த பிறந்த நாள். அதிகாலையிலேயே நகரத்துக்குள் போய் முடி வெட்டிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்ததால் உயிர் தப்பினார். அவருடைய இளைய குமாரர் தப்பவில்லை. ஆலை தப்பியதைக் கம்பெனியின் வீரத்தோடு சேர்த்துப் பேசும் வழக்கம் பிற்காலத்தில் ஏற்பட்டிருக்கிறது. குன்று அந்த இடத்தில் இருந்தது தற்செயல். அதில் யாருடைய வீரமும் இல்லை. அதன் பின்னர் நடந்ததுதான் மனிதர்கள் செய்தது. காயம்பட்டவர்கள் கூட்டம் கூட்டமாக ஆலைக்கு வந்தார்கள். அங்கிருந்த வைத்திய வசதி அவர்களுக்குப் பயன்பட்டது. தங்க இடமற்றுப் போன மாகாண அரசாங்கமே தன் அலுவலகத்தை இந்தத் தொழிற்சாலைக்குள் மாற்றிக்கொண்டு, அடுத்த வருஷத்து வேனிற்காலம் வரையில் அங்கிருந்தே நிர்வாகத்தை நடத்தியது. வானொலி நிலையமும் சில காலம் அங்கே இயங்கியது. நகரம் சாம்பலாகி நான்கு மாதங்களே ஆன டிசம்பரில், மூன்று சக்கர வண்டிகள் மறுபடி அந்த ஆலையின் வாசலைத் தாண்டி வந்தன. இடிபாட்டை அள்ளிப் போடவும், மரமும் செங்கல்லும் கொண்டுவரவும் அவற்றைவிட உபயோகமான வாகனம் அப்போது வேறில்லை. 1949-இல் இந்தியாவுக்குக்கூட இவ்வண்டிகள் கப்பலேற்றப்பட்டன.

ஜூஜிரோவுக்குப்பின் அவர் மகன் ட்சுனெஜி 1951-இல் தலைமை ஏற்றார். 1960-இல் வந்த ஆர்360 கூபே, 380 கிலோ எடையும் 356 சி.சி. எஞ்சினும் மூன்று லட்சம் யென் விலையுமுள்ள பொம்மை போன்ற கார். அது நன்றாக விற்றது. ஆனால் அதே சமயத்தில் ஜப்பானிய சர்க்காரின் வர்த்தக, கைத்தொழில் இலாகா, நாட்டில் கார் செய்யும் கம்பெனிகள் மிகையாகிவிட்டன, வெளிநாட்டுப் போட்டி வருமுன் அவற்றைச் சில கூட்டங்களாகத் திரட்டிவிட வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தது. டோக்கியோவுக்கு வெகு தூரத்தில் இருக்கும் மூன்று சக்கர வண்டிக் கம்பெனி ஒன்று அப்படிப்பட்ட ஏற்பாட்டில் யாருக்கேனும் வாலாகப் போய் ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான். வேறு எவரிடமும் இல்லாத ஒன்று தம்மிடம் இருந்தாலொழியத் தனித்து நிற்க வழியில்லை என்று ட்சுனெஜி கண்டார். அந்த ஒன்றைத் தேடி அவர் ஜெர்மனியில் நெக்கர்ஸுல்ம் என்னுமிடத்திலிருந்த என்.எஸ்.யூ. கம்பெனிக்குப் போனார், 1960-இல் பேச்சு முடிந்து, மறுவருஷம் சர்க்காரின் சம்மதமும் கிடைத்தது.

அங்கே ஃபெலிக்ஸ் வாங்கல் என்பவரின் கற்பனையில் உதித்த ரோட்டரி எஞ்சின் இருந்தது. சாதாரண எஞ்சினில் பிஸ்டன் மேலும் கீழும் போய்வருகிறது. அந்தப் போக்குவரத்தை வளைந்த தண்டு ஒன்றால் சுழற்சியாக மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. வாங்கலின் யந்திரத்திலோ, பக்கங்கள் சற்றே புடைத்த முக்கோணச் சுழலி ஒன்று, இடுப்பில் ஒடுங்கிய நீள்வட்ட அறைக்குள், ஆட்டுக்கல்லில் குழவி குழியின் சுவரை ஒட்டி ஒட்டிச் சுழல்வதுபோல, மூன்று முனைகளும் சுவரை விட்டுப் பிரியாமல் சுற்றிவருகிறது. சுவருக்கும் அதற்கும் நடுவே பெருகியும் சுருங்கியும் வரும் மூன்று இடைவெளிகளில் காற்று உறிஞ்சப்படுவதும், நெருக்கப்படுவதும், வெடிப்பதும், புகை வெளியேறுவதும் ஒன்றன்பின் ஒன்றாக நடந்துவிடுகின்றன. வால்வுகள் இல்லை, அதிர்வு இல்லை, எடை குறைவு. காகிதத்தில் பார்த்தவர்கள் சொக்கிப்போனார்கள்.

ஜெர்மனியிலிருந்து வந்த மாதிரி எஞ்சினை ஹிரோஷிமாவில் ஓட்டிப் பார்த்தபோதுதான் வில்லங்கம் தெரிந்தது. சுழலியின் மூன்று முனைகளிலும் சீல் என்னும் அடைப்புத் தகடு ஒன்று பொருத்தப்பட்டிருக்கும்; சுழற்சியின் வேகத்தில் அது நடுங்கி, வழவழப்பாய் இருக்க வேண்டிய உட்சுவரில் வரிவரியாகப் பள்ளம் பறித்துவிட்டது. பொறியாளர்கள் அந்த வரிகளுக்குப் பேயின் நகக்கீறல் என்று பெயரிட்டார்கள். எண்ணெய் உள்ளே கசிந்து வெண்புகையாகவும் வெளிவந்தது. 1963-இல் இதற்கென ஏற்பட்ட ஆராய்ச்சிப் பகுதிக்குக் கெனிச்சி யமமோட்டோ தலைவரானார். அவரும் கூட்டாளிகளுமாக 47 பேர். எஜமானனுக்காகப் பழி முடித்த 47 சாமுராய்களின் கதையை அறியாத ஜப்பானியர் இல்லையாதலால், அந்தப் பெயர் அவர்களுக்கு உடனே ஒட்டிக்கொண்டது. யமமோட்டோ யுத்தம் முடிந்து ஊர் திரும்பியபோது தங்கையை அணுகுண்டுக்குப் பறிகொடுத்திருந்தார். தோயோ கோக்யோவில் 1946-இல் அவருக்குக் கிடைத்தது மூன்று சக்கர வண்டியின் கியர்ப்பெட்டியைப் பூட்டும் சாதாரணத் தொழிலாளி வேலை. பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர் அந்த வேலையிலிருந்து மேலேறி வந்தார் என்பதை நினைத்தால், சீல் தகட்டோடு அவர் நடத்திய நீண்ட போராட்டம் அவ்வளவு விந்தையாகத் தோன்றாது. உலோகத்துக்குமேல் உலோகமாகச் சோதித்து, தகட்டின் உள்ளே குறுக்கும் நெடுக்குமாகத் துளையிட்டுப் பார்த்து, கடைசியில் கார்பனையும் அலுமினியத்தையும் சேர்த்துச் செய்த தகடு கீறல் போடாமல் நின்றது.

1967 மே மாதத்தில் காஸ்மோ ஸ்போர்ட் விற்பனைக்கு வந்தது: இரண்டு சுழலிகள், 982 சி.சி., 110 குதிரைசக்தி. அதே வருஷத்தில் என்.எஸ்.யூ. கம்பெனியும் ரோ 80 என்ற அழகிய காரை வெளியிட்டு, ஐரோப்பாவில் வருஷத்தின் சிறந்த கார் என்ற விருதையும் பெற்றது. ஆனால் அதன் சீல்கள் தேய்ந்தன. விற்ற வண்டிகளுக்குக் கம்பெனி புது எஞ்சின் மாற்றிக் கொடுத்துக்கொண்டேயிருந்தது. சாலையில் எதிரெதிரே வரும் இரண்டு ரோ 80 சொந்தக்காரர்கள், இதுவரை எத்தனை எஞ்சின் மாற்றியாயிற்று என்பதை விரல்களை நீட்டிக் காட்டிக்கொள்வார்களாம். 1969-இல் அந்த ஸ்தாபனம் ஃபோக்ஸ்வாகனின் கைக்குப் போயிற்று. பெற்றவர்கள் கைவிட்ட குழந்தையை வளர்த்து ஆளாக்கியது ஹிரோஷிமா.

காஸ்மோ மொத்தம் 1,176தான் செய்யப்பட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். புகழ் வந்தது, ஆனால் அந்தக் காரால் தொழிலாளியின் சம்பளம் வந்ததாகச் சொல்ல முடியாது. இந்த ஸ்தாபனத்தின் சரித்திரம் முழுவதிலும் கீர்த்தி ஒரு வாசலாலும் ஜீவனம் வேறு வாசலாலும் வந்திருக்கின்றன என்பது என் அபிப்பிராயம். அந்த இரண்டாவது வாசலை மறந்து, ரோட்டரியை எல்லா வண்டிகளிலும் ஏற்றத் துணிந்தபோது விபத்து நேர்ந்தது. 1970-இல் அமெரிக்காவில் கால் வைத்து வேகமாக விற்றுவந்த நேரத்தில், 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. நகரத்து ஓட்டத்தில் ஒரு காலனுக்குப் பத்துப் பதினொரு மைலே இந்த வண்டி ஓடும் என்று அமெரிக்க சர்க்கார் இலாகாவே சொல்லிவிட, துறைமுகங்களில் கார்கள் தேங்கின. கடன் கொடுத்த சுமிட்டோமோ பாங்கி தன் அதிகாரிகளை அனுப்பி நிர்வாகத்தில் அமர்த்தியது. 1977-இல் ஜூஜிரோவின் பேரர் கோஹெய் மட்சுதா தலைமையிலிருந்து விலக நேர்ந்தது. ஆட்குறைப்புச் செய்யாமல், ஆலைத் தொழிலாளர் ஆயிரக்கணக்கானோரை நாடெங்குமுள்ள விற்பனைக் கடைகளுக்கு அனுப்பினார்கள். நேற்றுவரை திருகு முடுக்கியவர்கள் வீடுவீடாகக் கதவைத் தட்டிக் கார் விற்றார்கள். ஊர்க்காரர்களும் ஊர் நிறுவனங்களும் கூடி, வாங்கினால் மாஸ்டாவே வாங்குவது என்று இயக்கம் நடத்தினார்கள்.

இங்கே பேஸ்பால் விளையாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ஹிரோஷிமாவின் கார்ப் குழு, யுத்தத்துக்குப்பின் பணமின்றித் தவித்தபோது, மைதான வாசலில் மரப்பீப்பாயை வைத்து ஜனங்களிடம் காசு சேர்த்துப் பிழைத்த குழு. 1968 முதல் அதன் பெயரில் தோயோ என்ற சொல்லும் சேர்ந்தது, கம்பெனியின் ஆதரவுக்கு அடையாளமாக. ஆலை திவாலாகுமோ என்று ஊரே அஞ்சிக்கொண்டிருந்த அந்த 1975-ஆம் வருஷத்தில்தான், அதுவரை பெரும்பாலும் கடைசி இடங்களிலேயே கிடந்த கார்ப் குழு முதன்முறையாகத் தன் லீகில் முதலிடம் பெற்றது.

கம்பெனியைக் கரையேற்றியது 1977-இல் வந்த, சாதாரண பிஸ்டன் எஞ்சின் பூட்டிய ஃபமிலியா என்ற சிறு கார். 1980-இல் அதன் புது உருவம் ஜப்பானில் முதன்முதலாக ஏற்பட்ட வருஷத்தின் கார் விருதையும் வாங்கிக்கொண்டது. அதன் நிழலில் ரோட்டரியும் பிழைத்தது. மற்ற எல்லாரும் விட்டுவிட்ட பின்னர், பெட்ரோல் கணக்குப் பார்க்காத வேகப்பிரியர்களுக்கென்று 1978-இல் ஆர்எக்ஸ்-7 வந்து, ரோட்டரிக்கு உரிய இடம் குடும்பக் கார் அன்று, விளையாட்டுக் கார் என்பதை ஸ்தாபித்தது. 1979-இல் ஃபோர்டு கம்பெனி கால் பங்கு வாங்கியது. 1984-இல் தோயோ கோக்யோ என்ற பெயர் மறைந்து மாஸ்டா என்பதே கம்பெனிப் பெயராயிற்று. யமமோட்டோ அதன் தலைவரானார்.

1991 ஜூன் மாதம் லெ மான் நகரத்து இருபத்துநான்கு மணி நேரப் பந்தயத்தில், ஆரஞ்சும் பச்சையும் பூசிய 787பி என்ற 55-ஆம் எண் வண்டி பத்தொன்பதாம் இடத்திலிருந்து புறப்பட்டது. நான்கு சுழலிகள் கொண்ட அதன் எஞ்சின் போட்ட கூச்சலைக் கேட்டவர்கள் இன்றும் மறக்கவில்லை. முன்னே ஓடிக்கொண்டிருந்த மெர்ஸிடிஸ், முடிய மூன்று மணி நேரம் இருக்கையில் சூடேறி நின்றுபோக, மாஸ்டா 362 சுற்றுகள் முடித்து முதலாவதாக வந்தது. ஜாகுவார்கள் பின்னால் வந்தன. ஜப்பானியக் கம்பெனி ஒன்று அங்கே வென்றது அதுவே முதல் தடவை. கடைசிச் சுற்றுகளை ஓட்டிய ஜானி ஹெர்பர்ட், உடலில் நீர் வற்றி இறங்கியவுடன் சுருண்டு விழுந்து, வெற்றி மேடையில் ஏற முடியாமல் வைத்தியரிடம் தூக்கிச் செல்லப்பட்டார். ஜெயித்துவிட்டது என்ற பொறாமையால் அடுத்த வருஷம் ரோட்டரியைத் தடை செய்தார்கள் என்று ரசிகர்கள் சொல்வதை நம்ப வேண்டாம், 3.5 லிட்டர் பிஸ்டன் எஞ்சின் மட்டுமே என்ற விதி முன்னரே தீர்மானமாகியிருந்தது, அந்த ஒரு வருஷம் சலுகையாகக் கிடைத்தது.

அதன்பின் மறுபடி பணமுடை. 1996-இல் ஃபோர்டின் பங்கு 33.4 சதவீதமாக உயர்ந்து, ஹென்றி வாலஸ் என்பவர் ஜப்பானியக் கார்க் கம்பெனியொன்றுக்குத் தலைமை ஏற்ற முதல் அந்நியரானார். ஃபோர்டும் பிற்பாடு விலகிற்று. இந்தக் காலத்தில் நற்பெயரைத் தாங்கியது 1989-இல் பிறந்த எம்எக்ஸ்-5 என்ற கூரையற்ற சிறு கார். 2016-க்குள் பத்து லட்சம் விற்றுவிட்ட அதில் இருப்பது பிஸ்டன் எஞ்சின். ரோட்டரி பூட்டிய கடைசி விளையாட்டுக் காரான ஆர்எக்ஸ்-8 2012-இல் நின்றது. பதினோரு வருஷங்களுக்குப்பின், 2023-இல், எம்எக்ஸ்-30 என்ற மின்சாரக் காரின் ஒரு வகையில் 830 சி.சி. ஒற்றைச் சுழலி மறுபடி இடம்பெற்றது. சக்கரத்தைத் திருப்பும் வேலை இப்போது அதற்கு இல்லை, பாட்டரிக்கு மின்சாரம் ஊட்டும் ஜெனரேட்டரை மட்டும் சுற்றுகிறது. அதன் பழைய கூச்சலை எதிர்பார்த்திருந்த ரசிகர்கள் முணுமுணுத்தார்கள். சீல் தகட்டைச் செப்பனிடும் வேலை ஹிரோஷிமாவில் இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.