ரேமில் ஒரு சின்ன வெட்டு

பழைய கம்ப்யூட்டருக்கு ரேம் கூட்டணும்னு யாராவது வந்தால், "எத்தனை எம்பி வேணும்?" என்று நான் கேட்பதில்லை. "இப்ப இருக்கிற ரேமைக் கழட்டிப் பாருங்க, பின்களுக்கு நடுவே வெட்டு எங்கே இருக்கு?" என்றுதான் கேட்பேன். அந்த வெட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய சண்டையே இருக்குங்க.

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கே பார்த்தாலும் எஸ்டிரேம்தான். 168 பின், 3.3 வோல்ட், இரண்டு வெட்டு. அடுத்து என்ன என்பதில்தான் தகராறு. இன்டெல் 1996-லேயே ராம்பஸ் என்ற நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு, ஆர்டிரேம் பக்கம் சாய்ந்துவிட்டது. ராம்பஸ் சொந்தமாக சிப் தயாரிக்காது. வடிவமைப்பைக் கொடுத்து ராயல்டி வாங்கும். ரேம் தயாரிப்பவர்களுக்கு இது பிடிக்குமா? அவர்கள் டிடிஆர் பக்கம் போனார்கள். ஜெடெக் அமைப்பு 2000 ஜூனில் அதற்கான தரத்தை வெளியிட்டது. அதிலும் தன் காப்புரிமை இருக்கு என்று ராம்பஸ் கோர்ட்டுக்குப் போனது.

2000 நவம்பரில் பென்டியம் 4 வந்தது. கூடவே வந்த 850 சிப்செட் ஆர்டிரேமை மட்டும்தான் ஏற்கும். அதையும் ஜோடி ஜோடியாகப் போடணும். காலி ஸ்லாட்டைச் சும்மா விடக்கூடாது, சிப்பே இல்லாத ஒரு டம்மி அட்டையைச் சொருகணும்! விலையோ எஸ்டிரேமைப் போல பல மடங்கு. கடைசியில் இன்டெல்லே இறங்கி வந்தது. 2001 செப்டம்பரில் வந்த 845 சிப்செட் எஸ்டிரேமை ஏற்றது, சில மாதங்களில் டிடிஆரையும் ஏற்றது.

எதிர்த்தரப்பும் உத்தமர்கள் இல்லை. 1999 முதல் 2002 வரை கூட்டுச் சேர்ந்து ரேம் விலையை நிர்ணயித்ததை சாம்சங் 2005-ல் அமெரிக்காவில் ஒப்புக்கொண்டு, 30 கோடி டாலர் அபராதம் கட்டியது.

மாட்டிக்கொண்டது யார்? ஆர்டிரேம் மிஷினை நம்பி வாங்கியவர்கள்தான். டிடிஆரை அதில் போடலாமா என்றால், இரண்டுக்குமே 184 பின், ஆனால் வெட்டு வேற, வேலை செய்யும் விதமே வேற.

அடுத்து வந்தவையும் இப்படித்தான். டிடிஆர்2, டிடிஆர்3 இரண்டுக்கும் 240 பின். முன்னதுக்கு 1.8 வோல்ட், பின்னதுக்கு 1.5. தப்பான ரேமை யாரும் சொருகிவிடக்கூடாது என்றே வெட்டை நகர்த்தி வைத்தார்கள். டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288 பின், அங்கேயும் வெட்டு இடம் மாறும்.

சரி, வெட்டு பொருந்திவிட்டால் போதுமா? போதாதுங்க. 1998-ல் வந்த இன்டெல் 440பிஎக்ஸ் போர்டுகளை எடுத்துக்குங்க. அந்த சிப்செட்டுக்கு 128 மெகாபிட் சிப் வரைக்கும்தான் தெரியும். 256 எம்பி ரேமில் 16 சிப் இருந்தால் முழுசாகத் தெரியும். அதே 256 எம்பி, 8 பெரிய சிப்பில் வந்தால் பெரும்பாலும் பாதிதான் காட்டும். ரேமில் கோளாறு இல்லை, போர்டுக்கு அது தெரியாது, அவ்வளவுதான்.

அதனால் கடைக்குப் போகும்முன் மதர்போர்டு மாடலையும் சிப்செட் பெயரையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்குங்க. முடிந்தால் பழைய ரேமையே கையில் கொண்டு போங்க. புதுசு ஸ்லாட்டில் உட்கார அடம்பிடித்தால், தயவுசெய்து அழுத்தாதீங்க. உடைந்தால் போவது ஸ்லாட் மட்டும் இல்லை, மதர்போர்டே போச்சு :-)